வால்வா, டிரான்சிஸ்டரா?

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இயற்பியல் படித்தவனுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது எனக்கும் அவ்வாறே தோன்றியது. "தங்களுக்குத் தெரிந்த ஒன்றைத் தமிழில் எழுதித் தாருங்கள், அதுவும் தமிழ்த்தொண்டுதான்" என்று அவர்கள் கூறிவிட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னைப் பற்றிக்கொண்டிருக்கும் அமெச்சூர் வானொலியைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதற்கு உடனடிக் காரணம் ஒன்றும் உண்டு.

கடலோரமான எங்கள் ஊரில் ஆர்வலர் சிலர் கூடி, பேரிடர்க் காலத்துக்குப் பயன்படும் பொது வானொலி நிலையம் ஒன்றை அமைக்க முனைந்துள்ளோம். உரிமம் பெற்ற மாணவர்களும் அதில் பணியாற்றுவர். அலைபரப்பியின் ஆற்றலைக் கூட்டும் திறன்பெருக்கி ஒன்று அதற்குத் தேவை. "காக்கா விட்டுச்சென்ற வால்வுப் பெருக்கி உங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறதே! அவர் நினைவாக அதையே நிலையத்தில் வைத்தால் என்ன? புதிய டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு ஏன் பணம் செலவிட வேண்டும்?" என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் கேட்டனர். அன்பும் சிக்கனமும் கலந்த அக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே, நான் எண்ணிப் பார்த்த வழியை முழுமையாக எழுதுகிறேன்.

மன்னரும் மாலுமியும்

வணிக நோக்கமின்றி, ஊதியம் கருதாமல், தனி மனிதர்கள் வானலை வழியே ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வதே அமெச்சூர் வானொலி. இதில் ஈடுபடுவோரை 'ஹாம்' என்பர். அரசு நடத்தும் தேர்வில் வென்று உரிமம் பெற்ற பின்னரே ஒருவர் ஒலிபரப்ப இயலும். உரிமம் பெற்றவருக்கு ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். இந்திய ஹாம்களின் குறிகள் பெரும்பாலும் 'வி.யூ.' என்று தொடங்குவன. ஜோர்தான் மன்னராயிருந்த ஹுசைன் அவர்கள் 'ஜே.ஒய்.1' என்னும் குறியுடன் வானலையில் உலவி, உலகின் ஹாம்களோடு உரையாடியவர். அங்கு மன்னருக்கும் மாலுமிக்கும் ஒரே வரிசைதான்.

எனக்கு இக்கலையைக் கற்பித்தவரும் கடலில் வாழ்ந்தவரே. சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாய் இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரார் அனைவர்க்கும் அவர் காக்கா. அவர் வீட்டு மாடியறையில் தம் கையாலேயே கட்டிய வால்வுப் பெருக்கி ஒன்றை வைத்திருந்தார். 813 என்னும் எண்ணுடைய வால்வுகள் இரண்டு அதில் இணையாகப் பணியாற்றின. 1985இல் தீக்கிரையாகும் முன் சென்னை மூர் மார்க்கெட்டில் அவற்றை வாங்கியதாகக் கூறுவார். அவர் வஃபாத்தான பின், அவருடைய மக்கள் அக்கருவியை என்னிடம் ஒப்படைத்தனர். பெரியவர்கள் குறிப்பிட்ட பெருக்கி அதுதான்.

இரு குலங்கள்

வால்வு எனப்படுவது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் இருக்கும் இழை சூடேறும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டுப் 'பிளேட்' என்னும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904இல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரு மின்வாய் வால்வை அமைத்தார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். 'கிரிட்' எனப்படும் அச்சிறு வலையில் நிகழும் மெல்லிய மாற்றம், பிளேட்டுக்குப் பாயும் பெரும் மின்னோட்டத்தை ஆட்டிப் படைக்கும். பெருக்கி என்னும் கருத்து அங்குதான் பிறந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பார்டீன், பிராட்டேன், ஷாக்லி ஆகிய மூவரும் அதற்காக 1956இல் நோபல் பரிசு பெற்றனர். சூடேற்றும் இழையும் வெற்றிடமும் இன்றித் திண்மப் படிகத்துக்குள்ளேயே மின்னோட்டத்தை ஆள முடிந்தமையால் இதனைத் திண்மநிலைக் கருவி என்கிறோம். நம் நாட்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வானொலிப் பெட்டிகளுக்கான வால்வுகளையும், மறு ஆண்டிலேயே ஜெர்மானியக் குறைகடத்திகளையும் தயாரிக்கத் தொடங்கியது. இரு குலங்களும் இந்திய மண்ணில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கால் ஊன்றின எனலாம். நம் தாய்மார்கள் கையடக்க வானொலிப் பெட்டியையே 'டிரான்சிஸ்டர்' என்று அழைத்ததை மூத்த வாசகர்கள் அறிவர்.

பெருக்கி எவ்வளவு பெருக்கும்?

இன்றைய அலைபரப்பிகளில் பெரும்பாலானவை 100 வாட் திறன் தருவன. 1978ஆம் ஆண்டு விதிகள் முதலாக, நம் நாட்டில் உயர்நிலை உரிமம் பெற்றோர்க்கு 400 வாட் என்பதே உச்ச வரம்பாக இருந்து வந்துள்ளது. 100 வாட்டை 400 வாட்டாக்கினால் நான்கு மடங்கு உரத்துக் கேட்கும் என்று புதியவர்கள் எண்ணுவர். உண்மை அதுவன்று. நான்கு மடங்கு என்பது 6 டெசிபெல். கேட்பவருடைய ஏற்பியிலுள்ள அளவுமானியில் முள் ஒரே ஒரு படி உயரும், அவ்வளவுதான்.

அந்த ஒரு படிக்கு மதிப்பில்லை என்று கூற மாட்டேன். இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும் நிலையிலிருக்கும் குரலை அதுவே மேலே தூக்கிவிடும். ஆனால், 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சாதாரணக் கம்பி ஆன்டெனாவுக்கு மாற்றாக மூன்று உறுப்புகள் கொண்ட யாகி ஆன்டெனாவை உயரமாய் நிறுத்தினாலும் ஏறத்தாழ அதே பயன் கிட்டும். மேலும், ஆன்டெனா அனுப்புவதைப் போலவே வாங்குவதையும் உயர்த்தும்; பெருக்கியோ அனுப்புவதை மட்டுமே உயர்த்தும். 2017இல் பரவத் தொடங்கிய எஃப்.டி.8 என்னும் கணினி வழி முறை, மனிதச் செவிக்கு எட்டாத குறிகளையும் படித்துவிடுகிறது. சில வாட்டுகளே கடல் கடக்கின்றன. எனவே, பெருக்கி என்பது பந்தியில் கடைசியாகப் பரிமாற வேண்டியது. முதலில் நல்ல ஆன்டெனா, அடுத்து நல்ல நிலத்தொடர்பு, அதற்குப் பின்னரே பெருக்கி.

வால்வின் பொறுமை

காக்காவின் பெருக்கியை இயக்குவது ஒரு சடங்கு போன்றது. முதலில் இழைக்கு மின்சாரம். 813இன் இழை 10 வோல்ட்டில் 5 ஆம்பியர் குடிக்கும். அறை முழுவதும் மஞ்சள் ஒளி பரவும். பின்னர்ப் பிளேட்டுக்கு 2000 வோல்ட். அடுத்து, குறைந்த ஆற்றலைச் செலுத்தி 'டியூன்', 'லோடு' என்னும் இரு குமிழ்களை மாறி மாறித் திருப்பி, பிளேட் மின்னோட்டம் தாழும் இடத்தையும் வெளியீடு உயரும் இடத்தையும் கண்டறிய வேண்டும். அலைவரிசையை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொந்தரவுதான், ஆனால் அந்தக் குமிழ்களே வால்வின் வலிமையும் ஆகும். பிளேட்டின் உயர்ந்த மின்தடுப்பை ஆன்டெனாவின் தாழ்ந்த மின்தடுப்போடு அவை பொருத்திவைக்கின்றன. ஆன்டெனா சற்றுக் குறையுடையதாயினும் வால்வு முகம் சுளிப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழைக் கால இரவொன்றில் காக்கா பேசிக்கொண்டிருக்கையில், காற்று ஆன்டெனாவின் இணைப்புக் கம்பியை அறுத்துவிட்டது. மின்தேக்கித் தகடுகளுக்கிடையே பொறி பறந்தது. வழக்கமான சுமையில் நிறம் மாறாத 813இன் கரும் பிளேட் செவ்வண்ணம் கொள்ளத் தொடங்கியது. அவர் அமைதியாகக் கை நீட்டி மின்சாரத்தைத் துண்டித்தார். மறுநாள் கம்பியை முடிந்து கட்டியதும் பெருக்கி முன்போலவே இயங்கியது. "வால்வு சாவதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் சாகும், தம்பி" என்றார். அண்டை ஊரிலிருந்த நண்பர் ஒருவருக்கும் அத்தகைய நிலை நேர்ந்தது. அவரிடமிருந்தது போதிய காப்பு அமைப்பில்லாத பழைய டிரான்சிஸ்டர் பெருக்கி. ஒரு சொல்லின் முதல் அசைக்கும் இரண்டாம் அசைக்கும் இடையே அது மடிந்துபோயிற்று. புகையுமில்லை, ஒலியுமில்லை.

2000 வோல்ட்டின் மறுபக்கம்

இதுவரை படித்தோர் வால்வுக்கே வாக்களிப்பர். இனித்தான் மறுபக்கத்தைக் கூற வேண்டும்.

காக்காவின் பெருக்கியில் உயர் அழுத்தத்தைச் சீராக்கும் மின்தேக்கித் தொகுதியின் கொள்ளளவு 25 மைக்ரோ ஃபாரட். 2000 வோல்ட்டில் அது தேக்கிவைக்கும் ஆற்றல் 50 ஜூல் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் கணக்கிட்டுக் கூறுவார். ஒரு மனித இதயத்தை நிறுத்த அதுவே போதும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அந்த ஆற்றல் உள்ளே பதுங்கியிருக்கும். அதனை வடிப்பதற்கென மின்தடைகள் உண்டு. ஆனால் மின்தடை அறுந்துபோயிருந்தால், அதனை வெளியிலிருந்து பார்த்து எவராலும் அறிய முடியாது.

ஆகவே காக்கா ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். மூடியைத் திறக்கும் முன் மின்செருகியைப் பிடுங்கித் தம் மேசை மீது கண்ணெதிரே வைப்பார். அளவுமானி முள் சுழியத்துக்கு வரும் வரை காத்திருப்பார். பின்னர், நிலத்தோடு இணைத்த கம்பி சுற்றிய மரக்கோலால் உயர் அழுத்த முனையை மூன்று முறை தொடுவார். இடக்கை சட்டைப்பையில்தான் இருக்கும். இரு கைகளும் உள்ளே சென்றால் மின்னோட்டம் நெஞ்சின் குறுக்கே பாயும் என்பது அவர் விளக்கம். தனியாக இருக்கும்போது அவர் அதனைத் திறந்ததே இல்லை. வேறு எவரையும் திறக்க விட்டதும் இல்லை. நான் அவரிடம் பயின்ற முதல் நான்கு ஆண்டுகளில் மரக்கோலைக் கையில் பிடிக்கும் உரிமை மட்டுமே எனக்குக் கிடைத்தது.

கடலோரக் காற்றும் வால்வுக்கு நண்பனன்று. உப்பும் ஈரமும் தூசியும் காப்பான்களின் மீது படிந்தால், உயர் அழுத்தம் அவ்வழியே கசிந்தோடும். மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்; துடைப்பதற்குத் திறக்க வேண்டும்; திறப்பதற்கு அந்த ஒழுங்கு வேண்டும்.

டிரான்சிஸ்டரின் விரைவு

இன்றைய திண்மநிலைப் பெருக்கிகளின் உயிர்நாடி எல்.டி.மாஸ் எனப்படும் சிலிக்கன் டிரான்சிஸ்டர். ஆயிரம் வாட்டுக்கு மேல் தரவல்லவையும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. 50 வோல்ட் அழுத்தமே போதுமானது. சூடாகக் காத்திருக்க வேண்டியதில்லை. குமிழ் திருப்ப வேண்டியதில்லை. அகன்ற அலைவரிசை மின்மாற்றிகள் அப்பணியைச் செய்துவிடுகின்றன. மாணவர் ஒருவர் பொத்தானை அழுத்தியவுடன் பேசத் தொடங்கலாம்.

எனினும் இதற்கும் மூன்று பலவீனங்கள் உண்டு. முதலாவது வெப்பம். இருவகைப் பெருக்கிகளும் உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையே அலையாக மாற்றுவன. 400 வாட் வெளிவர ஏறத்தாழ 670 வாட் உள்ளே செல்ல வேண்டும். எஞ்சிய 270 வாட்டும் சூடு. வால்வில் அச்சூடு அகன்ற பிளேட்டில் பரவும். டிரான்சிஸ்டரிலோ விரல்நகம் அளவேயுள்ள சிலிக்கனிலிருந்து நொடிதோறும் அதனை வெளியேற்ற வேண்டும். தடித்த செப்புத் தகடும், அலுமினிய விசிறித் தகடுகளும், காற்றாடியும் குறைவற அமைந்திருத்தல் வேண்டும். எஃப்.டி.8 முறையில் 12.6 நொடி இடைவிடாது முழுத்திறன் பாயும் என்பதையும் கருத வேண்டும். பேச்சுக்கு மட்டும் தகுதியுடைய பெருக்கி அதில் தளர்ந்துபோகும்.

இரண்டாவது உள்ளீடு. இவ்வகைக்குச் சில வாட்டுகளே தூண்டுதலாகப் போதும். அலைபரப்பியைக் குறைத்து வைத்திருந்தாலும், பேச்சின் முதல் அசையில் சில கருவிகள் ஒரு கணம் முழு 100 வாட்டையும் உமிழ்ந்துவிடும். வால்வு அதனைப் பொருட்படுத்தாது. டிரான்சிஸ்டரின் 'கேட்' என்னும் வாயில் அந்தக் கணத்திலேயே சிதைந்துவிடும். எனவே உள்ளீட்டில் ஆற்றலைக் குறைக்கும் தடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது ஆன்டெனாவின் பொருத்தம். ஆன்டெனா ஏற்காமல் திருப்பியனுப்பும் ஆற்றலை நிலை அலை விகிதம் என்னும் அளவால் குறிப்பர். இவ்விகிதம் 2:1ஐத் தாண்டினால் பெரும்பாலான திண்மநிலைப் பெருக்கிகள் தாமே திறனைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். புதிய எல்.டி.மாஸ் வகைகள் 65:1 வரை தாங்குவதாகத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். அது ஆய்வகத்தில் துடிப்பு முறையில் செய்த சோதனை. மணிக்கணக்கில் பேசுவோர் அதனை நம்பியிருத்தல் ஆகாது. நல்ல கருவிகளில் மின்னோட்டம், வெப்பம், திரும்பும் அலை ஆகிய மூன்றையும் நுண்கட்டுப்படுத்தி ஒன்று இடைவிடாது கண்காணித்து, மனிதக் கை அசையும் முன்னரே நிறுத்திவிடுகிறது. காக்காவின் கண்ணும் கையும் செய்த வேலையை இன்று ஒரு சில்லு செய்கிறது.

அயலாருக்கும் நமக்கு உள்ள கடமையை மறக்கலாகாது. டிரான்சிஸ்டர் பெருக்கியின் அகன்ற வெளியீட்டில் தேவையற்ற மேலலைகளும் கலந்து வரும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி வடிகட்டி இல்லையெனில் அவை பிறருடைய வானொலி, தொலைக்காட்சிக்குள் புகும். வடிகட்டி இல்லாமல் மலிவாய்க் கிடைக்கும் பலகைகளை வாங்குவோர் இதனை எண்ண வேண்டும்.

புயல் நாளின் மின்சாரம்

எங்கள் நிலையம் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் தாக்கியபோது, பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைதூர ஹாம்களோடு பேசி மகிழச் சென்ற அக்குழு, பிற தொடர்புகள் அறுந்த நேரத்தில் தீவுகளின் செய்திகளை நிலப்பரப்புக்கு அனுப்பும் பணியை மேற்கொண்டது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலுக்குப் பின், சோழ மண்டலக் கடற்கரையின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் கண்டோம்.

அத்தகைய நாளில் மின்சாரம் எங்கிருந்து வரும்? மின்கலத்திலிருந்துதான். காக்காவின் இரு வால்வுகளையும் தயார் நிலையில் வைத்திருக்க இழைகளுக்கு மட்டுமே 100 வாட் வேண்டும். பத்து மணி நேரம் வைத்திருந்தால் ஒரு யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று முழுமையாகத் தருவதே 1.2 யூனிட்தான். அதாவது, ஒரு சொல் பேசும் முன்னரே ஒரு மின்கலம் தீர்ந்துபோகும். டிரான்சிஸ்டர் பெருக்கியோ பேசாதபோது ஏறத்தாழ ஒன்றும் உண்பதில்லை. நான்கு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். அதற்கேற்ப அமைந்த கருவியை நேரடியாகவே இயக்கலாம். பேசும்போது மட்டும் 13, 14 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். உயர் அழுத்த மின்மாற்றியின் கனமும் இல்லை. ஒருவரே தூக்கிச்சென்று நிவாரண முகாமில் வைத்துவிடலாம்.

பழுது பார்ப்பவர் யார்?

வால்வு எரிந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். எல்.டி.மாஸ் எரிந்தால் செப்புத் தகட்டில் பற்றவைத்ததைப் பெயர்த்து, புதியதைப் பற்றவைக்க வேண்டும். பயின்ற கை இல்லாமல் அது ஆகாது. இதில் வால்வுக்கே வெற்றி என்று தோன்றும். ஆனால் வால்வு கிடைக்க வேண்டுமே! சென்னை ரிச்சி தெருவில் தேடினாலும், பெருந்திறன் வால்வு நல்ல நிலையில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நெடுநாள் கிடந்த குழலினுள் காற்றுக் கசிந்துள்ளதா என்பது பொருத்திய பிறகே தெரியும். அதனினும் அரியவர்கள் 2000 வோல்ட்டோடு பழகிய மனிதர்கள். 1999 பிப்ரவரியில் கடலில் புதிய பாதுகாப்புத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், கப்பல்களில் வானொலி அதிகாரி என்னும் பதவியே படிப்படியாக மறைந்துவிட்டது. காக்காவைப் போன்ற ஆசிரியர்களை உருவாக்கிய பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது என்றே கூறலாம்.

பெரியவர்களுக்கு என் விடை

வால்வு தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. தனித்து வாழும் அனுபவசாலிக்கு, தம் கருவியின் ஒவ்வொரு கம்பியையும் அறிந்தவருக்கு, வால்வு இன்றும் நல்ல துணையே. ஆனால் பலர் கைபடும் பொது நிலையத்துக்கு, அதிலும் பத்தொன்பது வயது மாணவர்கள் நள்ளிரவில் பதற்றத்தோடு அமரும் நிலையத்துக்கு, திண்மநிலைப் பெருக்கியே ஏற்றது. ஒன்று பிழையைப் பொறுக்கும், ஆனால் மனிதனைப் பொறுக்காது. மற்றொன்று பிழையைப் பொறுக்காது, ஆனால் மனிதனை விட்டுவிடும். கருவி எரிந்தால் பணம் போகும்; அதனைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

காக்காவின் நினைவுக்கு இது குறையாகுமா என்றும் எண்ணிப் பார்த்தேன். தம் பெருக்கியின் மூடியைப் பிறர் திறக்க ஒருபோதும் அனுமதிக்காத பெரியவர் அவர். அக்கருவியைப் பொது அறையில் வைத்துவிட்டு வருவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அது என் வீட்டிலேயே இருக்கட்டும். விரும்பும் மாணவர்கள் வந்து பார்க்கலாம். மரக்கோலைப் பிடிக்கும் முறையிலிருந்து தொடங்குவோம். நிலையத்துக்கு வாங்கும் பெருக்கி 400 வாட்டோடு அடங்கட்டும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று விளம்பரம் காட்டும் ஆசைக்கு நாம் இணங்க வேண்டா. அதனால் மிச்சமாகும் தொகையில் மாடி மீது உறுதியான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, ஆன்டெனாவை இன்னும் சில அடிகள் உயர்த்துவோம்.